விண்டோஸைத் தொடாமல் தம்ப் டிரைவில் லினக்ஸ் ஓட்டிப் பார்க்கலாமா?

உட்லண்ட்ஸ் டீச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் வீட்டில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். கணினியில் எனக்குத் தெரிந்தது வேர்டில் கேள்வித்தாள் அடிப்பது, ஸூமில் வகுப்பு நடத்துவது, பிரிண்ட் போடுவது, அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது 2017-ல் வாங்கிய மடிக்கணினி. இன்டெல் ஐ5, ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இந்தக் கணினி தகுதி பெறாது என்று திரையிலேயே வருகிறது. "சமூக மன்றத்தில் மின்கழிவுத் தொட்டி இருக்கிறது, போட்டுவிட்டுப் புதுசு வாங்கு" என்கிறார் வீட்டுக்காரர். ஆயிரம் வெள்ளியை அவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகள், "விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாம்மா, முதலில் யூஎஸ்பியில் ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள். அதற்கு மேல் கேட்டால் எரிந்து விழுகிறாள்.

என் பயமெல்லாம் கேள்வித்தாள்கள்தான். பல வருஷமாகச் சேர்த்தவை. யூஎஸ்பியில் ஓட்டிப் பார்க்கும்போது அவை அழிந்துபோக வாய்ப்பு உண்டா? எவ்வளவு பெரிய தம்ப் டிரைவ் வேண்டும்? தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய முடியுமா? சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் வேலை செய்யுமா? நான் கறுப்புத் திரையில் கட்டளை எல்லாம் அடிக்கிற ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டெர்மினல் தம்பி:

சிம்பிள் அக்கா. வென்டாய்னு ஒரு டூல் போட்டு ஒரே டிரைவில் பத்து டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) ஐஎஸ்ஓ கோப்பைக் காப்பி பண்ணுங்க. எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாருங்க. கடைசியில் எப்படியும் ஆர்ச் லினக்ஸுக்குத்தான் வருவீங்க, அதனால நேரா ஆர்ச்சே போட்டுடலாம்.

ரோச்சோர் மெக்கானிக்:

வணக்கம் டீச்சர். சிம் லிம் ஸ்குவேரில் பல வருஷம் கணினி பழுது பார்த்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். மேலே தம்பி சொன்னதை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள். வென்டாய் நல்ல சாமான்தான். ஆனால் செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) போட்டிருக்கும் மெஷினில் முதல் தடவை ஒரு நீலத்திரை காட்டி, சாவியைப் பதியச் சொல்லும். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்ததுமே பயந்து மூடிவிடுவார். கட்டளை அடித்தே நிறுவ வேண்டிய ஆர்ச்சைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். தம்ப் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ், டிரைவில் சுருக்கி வைத்திருப்பதைப் படித்து ரேமில் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி அதற்குத் தேவையே இல்லை, கழற்றி வைத்தாலும் ஓடும். நீங்களாக ஃபைல் மேனேஜரில் அந்த டிஸ்கைச் சொடுக்கித் திறந்தால்தான் உங்கள் கோப்புகள் பக்கமே போகும். அழிவதற்கு இரண்டு இடம்தான் உண்டு. தம்ப் டிரைவைத் தயாரிக்கும்போது அதில் இருப்பதெல்லாம் போய்விடும், அதனால் காலியான ஒன்றை எடுங்கள். அப்புறம், லினக்ஸ் திறந்ததும் (நான் சொல்லப்போவது மின்ட் என்ற வகை) டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு படம் உட்கார்ந்திருக்கும். அதைத் திறந்து, டிஸ்கை அழித்து நிறுவு என்பதற்குச் சம்மதம் கொடுத்தால் விண்டோஸும் போகும், கேள்வித்தாளும் போகும். தவறிப்போய் அந்தப் படத்தைச் சொடுக்கிவிட்டால் பதற வேண்டாம். அழிப்பதற்கு முன் மொழி, விசைப்பலகை, டிஸ்க் என்று திரை திரையாகக் கேட்கும். மூடிவிட்டு வெளியே வரலாம்.

அது இருக்கட்டும், கேள்வித்தாள்களுக்கு இன்னொரு நகல் இருக்கிறதா? இல்லையென்றால் லினக்ஸைப் பற்றி யோசிக்கும் முன் இன்றைக்கே ஒரு வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். 2017 எஸ்எஸ்டியை மட்டும் நம்பிப் பல வருஷத்து உழைப்பை வைத்திருப்பது எனக்கு லினக்ஸைவிடப் பயமாக இருக்கிறது.

டிரைவ் 8 ஜிபி இருந்தாலே போதும். ஆனால் யூஎஸ்பி 3 என்று போட்டிருப்பதாக வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. (தம்ப் டிரைவை 2000-ல் அந்தப் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்ததே நம் ஊர் டிரெக் 2000 கம்பெனிதான். முன்பெல்லாம் இந்த வேலைக்கு சிடி எரிக்க வேண்டும். நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் சிடியைப் போட்டுவிட்டு, டெஸ்க்டாப் வருவதற்குள் கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம்.)

எந்த லினக்ஸ் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் மின்ட்டின் சின்னமன் பதிப்பு என்பேன். விண்டோஸ் 10 பார்த்த கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. இப்போதுள்ள 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. உங்கள் 8 ஜிபி ரேம் தாராளம். லினக்ஸ் மின்ட் தளத்துக்கே போய் ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள், கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். யாரோ நண்பர் பழைய ஐஎஸ்ஓ வைத்திருக்கிறார் என்று வாங்காதீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, செக்யூர் பூட் போட்டிருக்கும் மெஷின்களில் சில பழைய லினக்ஸ் டிரைவ்கள் தொடங்க மறுத்துவிட்டன. புதியதில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, விண்டோஸிலேயே ரூஃபஸ் என்ற சின்ன இலவச நிரலை இறக்கித் திறங்கள். மேலே டிரைவ் பெயர் காட்டும். வேறு தம்ப் டிரைவ், வெளி டிஸ்க் எது செருகியிருந்தாலும் முன்கூட்டியே பிடுங்கிவிடுங்கள், குழப்பமே வராது. உள் டிஸ்கை அது பட்டியலில் காட்டுவதில்லை. ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் அழுத்துங்கள். இடையில் 'ஐஎஸ்ஓ மோட்', 'டிடி மோட்' என்று எது வேண்டும் எனக் கேட்டால், அதுவே பரிந்துரைக்கும் முதலாவதை விட்டுவிடுங்கள். கட்டளை எதுவும் இல்லை.

தம்ப் டிரைவிலிருந்து தொடங்குவதற்கு எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பொத்தான் சொல்வார்கள். சரியான நொடியில் அழுத்தாவிட்டால் விண்டோஸ் வந்து நிற்கும். அதற்குப் பதிலாக விண்டோஸில் இருக்கும்போதே ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். ஒரு நீலத்திரை வரும். அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் போனால் உங்கள் தம்ப் டிரைவ் இருக்கும். இந்த வழியில் இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் 10-ல் ஷட்டவுன் கொடுத்தால் பல மெஷினில் அது முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும்; ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்க மூடித் திறக்கிறது.

பயாஸுக்குள் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) போய்ச் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லி நிறையப் பேர் எழுதுவார்கள். மின்ட்டுக்கு அது தேவையில்லை. டிஸ்க் குறியாக்கம் போட்டிருந்தால், செக்யூர் பூட்டை அணைத்த கையோடு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு உட்கார்ந்துவிடும். எதற்கும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

சரி, டெஸ்க்டாப் வந்துவிட்டது. இப்போது என்ன பார்ப்பது? இங்கேதான் எல்லாரும் தப்பான கேள்வி கேட்கிறார்கள். "அழகாக இருக்கிறதா, வேகமாக இருக்கிறதா" என்று பார்க்கிறார்கள். வேகத்தை யூஎஸ்பியில் பார்க்கவே கூடாது. ஒவ்வொரு நிரலும் முதல் முறை திறக்கும்போது டிரைவிலிருந்து மெதுவாகத்தான் வரும், எஸ்எஸ்டியில் போட்டால் கதையே வேறு. யூஎஸ்பியில் பார்க்க வேண்டியது உங்கள் மெஷினின் உறுப்புகளை. ரீசேல் வீடு பார்க்கப் போனால் பெயின்டையா பார்க்கிறோம்? குழாயைத் திறக்கிறோம், ஸ்விட்சைப் போடுகிறோம், கழிவறைத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கிறோம். அது மாதிரி.

வைஃபை முதலில். அது பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உங்கள் மெஷினில் இன்டெல் வைஃபை சில்லு இருந்தால் பிரச்சினை வராது. பிராட்காம், சில ரியல்டெக் சில்லுகள்தான் முரண்டு பிடிக்கும். பிடிக்காவிட்டால் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி 'டெதரிங்' போடுங்கள், இணையம் வந்துவிடும். அதை வைத்து 'டிரைவர் மேனேஜர்' திறந்து தேவையான டிரைவரைப் போடலாம். அப்புறம் யூடியூபில் ஒரு பாட்டு, ஒலிக்கும் படத்துக்கும் ஒன்றாகச் சோதனை. கேமராவும் மைக்கும் ஸூமை உலாவியில் திறந்து. வெளிச்சம் கூட்டும் பொத்தான், டச்பேடில் இரண்டு விரல் நகர்த்தல், புளூடூத் ஹெட்செட், எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சி. பிரிண்டரை மறக்காதீர்கள், உங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. வைஃபை பிரிண்டர் என்றால் கடந்த பத்து வருஷத்தில் வந்தவை பெரும்பாலும் தானாகவே பட்டியலில் தெரியும். விரல்ரேகை பார்க்கும் பட்டை இருந்தால் அதை மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

சிங்பாஸ் ஒரு விஷயமே இல்லை. உலாவியில் கியூஆர் வரும், கைப்பேசியில் ஸ்கேன் செய்வீர்கள். கணினியில் எது ஓடுகிறது என்று அதற்குக் கவலையில்லை.

தமிழ்99-க்கு வருவோம். கீபோர்டு அமைப்பில் தமிழ்நெட் 99 என்று ஒரு தளவமைப்பு இருக்கிறது, உடனே சேர்க்கலாம். ஆனால் தானே புள்ளி வைக்கும் வசதி அதில் கிடையாது, கை பழகியவருக்கு எரிச்சலாக இருக்கும். சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ் எம்17என்' என்று தேடிப் போட்டால் அதிலுள்ள தமிழ்99 ஒழுங்காகப் புள்ளி வைக்கும். போட்டபின் லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். யூஎஸ்பியில் போட்டதெல்லாம் ரேமில் இருப்பது, அணைத்தால் காணாமல் போய்விடும். நீங்கள் அடித்துப் பார்க்கும் கோப்பும் அப்படித்தான். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இன்னொரு தம்ப் டிரைவில் சேமியுங்கள் அல்லது உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள்.

பழைய தட்டச்சுக்காரர்:

மெக்கானிக் அண்ணன் சொன்னதில் குறையில்லை. ஆனால் மெஷினைப் பற்றி மட்டும் பேசிவிட்டார், கேள்வித்தாளைப் பற்றி யாரும் பேசவில்லை. தொண்ணூறுகளில் நா. கோவிந்தசாமியின் கணியனில் அடித்த காலத்திலிருந்து தமிழ்த் தட்டச்சு செய்கிறவன் நான். டீச்சர், உங்கள் பழைய தாள்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? யூனிகோடாக (எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியாக்கம்) இருந்தால் கவலை குறைவு. பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய குறியாக்க எழுத்துரு என்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த கூளமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கெடவில்லை. விண்டோஸில் ஃபான்ட்ஸ் அடைவிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து லினக்ஸில் இரட்டைச் சொடுக்குப் போட்டு நிறுவினால் எழுத்து திரும்பிவிடும். நிரந்தர வழி, விண்டோஸ் இருக்கும்போதே என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றை வைத்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. லினக்ஸுக்குப் போகாவிட்டாலும் அதைச் செய்யுங்கள்.

யூனிகோடிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. வேர்டில் லதா எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். லதா மைக்ரோசாஃப்ட்டுடையது, மின்ட்டில் வராது. வேர்டின் இடத்தில் இருக்கும் லிப்ரேஆஃபிஸ் லதாவுக்குப் பதிலாக வேறொரு தமிழ் எழுத்துருவைப் போடும், வரி உடையும் இடம் மாறும். கோடிட்ட இடத்தை நிரப்புக என்று ஒரே பக்கத்தில் அழகாக அடக்கிய தாள், கடைசி இரண்டு கேள்வியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும். படமும் அட்டவணையும் கலந்த தாள்களில் இது இன்னும் மோசம். அதனால் யூஎஸ்பியில் பார்க்கும்போது உங்களிடம் உள்ளதிலேயே சிக்கலான தாள் ஒன்றை எடுத்துப்போய்த் திறந்து பாருங்கள். எளிய கட்டுரைத் தாளைத் திறந்து சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், வேர்டு இல்லாமல் முடியாது என்கிறவர் லினக்ஸுக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

துவாஸ் விடுதி:

அக்கா, நான் இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். என் பழைய லேப்டாப்பில் உள்ளே இருந்த டிஸ்கே செத்துப்போச்சு. மாத்தக் காசு செலவு பண்ணாம, வெளியே கேபிள்ல செருகுற சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி, அதுல மின்ட்டை முழுசா இன்ஸ்டால் பண்ணிட்டேன். அதுலதான் வீட்டுக்கு வீடியோ கால், அதுலதான் சேஃப்டி கோர்ஸ் படிப்பு எல்லாம். ரூஃபஸ்ல 'பெர்சிஸ்டென்ட்'னு ஒரு அளவு நகர்த்துற கோடு இருக்கும். அதை வச்சா சாதா தம்ப் டிரைவ்லயே நாம போட்டது நிக்கும். முதல்ல அப்படித்தான் வச்சிருந்தேன். ஆனா மலிவு டிரைவ்ல அது ரொம்ப இழுக்கும், தினம் ஓட்டினா சீக்கிரம் கெட்டும் போகும். சும்மா பாக்கிறதுக்குச் சாதாவே போதும்க்கா.

உட்லண்ட்ஸ் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின் உட்கார்ந்துவிட்டேன். ஷிஃப்ட் ரீஸ்டார்ட் வழி முதல் தடவையே வேலை செய்தது. வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் ஒன்றும் செய்யாமலே வந்தன. பிரிண்டர் தானாகவே பட்டியலில் இருந்தது, பக்கமும் வந்தது. வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தட்டச்சுக்காரர் சொன்னபடி ஆறாம் வகுப்புக் கருத்தறிதல் தாளைத் திறந்தேன். நான்கு பக்கம் ஐந்தாகிவிட்டது, ஒரு படம் எழுத்தின்மேல் ஏறி நின்றது. பழைய கோப்பு ஒன்று சொன்ன மாதிரியே கூளம்தான். அது பாமினி.

இரண்டு சந்தேகம். மூடியைச் சாத்திவிட்டுத் திறந்தால் கறுப்புத் திரை, பொத்தானை அமுக்கிப் பிடித்துத்தான் அணைக்க முடிந்தது. இன்னொன்று, டிரைவை எடுத்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் மணி எட்டு மணிநேரம் பின்னால் காட்டுகிறது! எதையோ கெடுத்துவிட்டேனா?

ரோச்சோர் மெக்கானிக்:

ஒன்றும் கெடவில்லை டீச்சர். கணினிக்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் அதில் சிங்கப்பூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். வைஃபை கிடைத்ததும் இணையத்தில் சரியான நேரத்தைப் பார்த்து, பொது நேரமாகவே திருத்தி எழுதிவிடும். நாம் அதைவிட எட்டு மணிநேரம் முன்னால் இருக்கிறோம், அந்த எட்டுதான். விண்டோஸில் தேதி, நேரம் அமைப்புக்குப் போய் 'சிங்க் நவ்' அழுத்துங்கள்.

மூடி விவகாரத்தை யூஎஸ்பியில் வைத்து முடிவு கட்ட முடியாது. தூங்கும்போது யூஎஸ்பி துளைக்கு மின்சாரம் நின்றுவிட்டால், எழும்போது லினக்ஸுக்குத் தான் ஓடிக்கொண்டிருந்த டிரைவே காணோம். எஸ்எஸ்டியில் போட்டால் எழுந்துகொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் உறுதி சொல்ல மாட்டேன். துவாஸ் தம்பி செய்தபடி வெளி எஸ்எஸ்டியில் போட்டாலும் இதே சிக்கல் வரலாம்.

மெஷின் ஒத்துப்போகிறது, அது தெரிந்துவிட்டது. தாள்கள் ஒத்துப்போகவில்லை. அதனால் இப்போது இன்ஸ்டால் செய்யாதீர்கள். பிஎஸ்எல்இ (தொடக்கநிலை இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பக்கம் உடைவதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை கொடுக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசு இல்லை, ஒத்திசைக்க வேண்டாம் என்றால் 30 அமெரிக்க டாலர். பதிந்துகொள்ளும் இணைப்பு விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கும். அதற்குள் தாள்களை யூனிகோடுக்கு மாற்றி, மின்ட்டிலும் விண்டோஸிலும் ஒன்றுபோல் தெரியும் நோட்டோ போன்ற இலவச எழுத்துரு ஒன்றில் அடித்துப் பழகுங்கள். விண்டோஸிலும் லிப்ரேஆஃபிஸ் இலவசமாகப் போடலாம், அதிலேயே பழகலாம்.

டெர்மினல் தம்பி:

லதாவுக்குப் பதில் நோட்டோ சான்ஸ் டமில் போட்டா வரி உயரம் மாறும் அக்கா. பத்தி அமைப்பில் வரி இடைவெளியை 'ஃபிக்ஸ்டு' ஆக்கிடுங்க, பக்கம் ஓடாது. ஆர்ச் பத்தி இனிமே பேசல.

உட்லண்ட்ஸ் டீச்சர்:

சிங்க் நவ் அழுத்தியதும் மணி சரியாகிவிட்டது. கூடுதல் புதுப்பிப்புக்கும் பதிந்துவிட்டேன். தம்பி சொன்ன வரி இடைவெளி வேலை செய்கிறது, கருத்தறிதல் தாள் மறுபடி நான்கு பக்கத்துக்கு வந்துவிட்டது. படத்தை மட்டும் கையால் நகர்த்த வேண்டியிருக்கிறது. பாமினிக் கோப்புகளை மாற்ற ஆரம்பித்திருக்கிறேன். 2009-லிருந்து இருக்கின்றன, ஜூன் விடுமுறைக்குள் முடிந்தால் சரி.